ரிப்போர்ட் நார்மல், நெஞ்சு மட்டும் அடங்கவில்லை

இரவு பதினொன்றரை மணி. பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்து எருத்தேன்பதியில் ஒரு வீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு பாதியில் நிற்பதுபோல் இருக்கிறது. உள்ளங்கை வேர்த்து, விரல் நுனியெல்லாம் மரமரக்கிறது. "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்கிறார். எந்தப் பக்கம் வண்டியை விடுவது என்பதுதான் வீட்டாரின் முதல் கவலை. மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. கிழக்கே எல்லை தாண்டினால் பொள்ளாச்சி, கோவை. எங்கே போனாலும் நடப்பது ஒன்றுதான். ஈசிஜி எடுப்பார்கள், மாரடைப்பா என்று அறிய ட்ரோபோனின் பார்ப்பார்கள், ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். விடியற்காலையில் டாக்டர் சொல்வார்: "எல்லாம் நார்மல். ஒண்ணுமில்ல, கேஸா இருக்கும். டென்ஷன் ஆகாதீங்க."

சில வாரம் கழித்து மறுபடி அதே படபடப்பு. இந்த முறை எக்கோ. அடுத்த முறை ட்ரெட்மில், அதற்கும் அடுத்து என்டோஸ்கோப்பி. ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. தனியாக பைக் ஓட்டத் தயங்குகிறார், கல்யாண மண்டபத்தில் வாசலை ஒட்டிய நாற்காலியைத் தேடுகிறார், மாத்திரை பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

அந்த "ஒண்ணுமில்ல" மீதுதான் எனக்கு வழக்கு. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது சரிதான். ஆனால் அவர் உடலில் நடந்தது நிஜம். அது எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும், சிகிச்சையும் உண்டு. பேனிக் டிஸார்டர், தமிழில் பீதிக் கோளாறு. 'எனக்குப் பெரிய நோய் இருக்கிறது, டாக்டர்களுக்குத்தான் அகப்படவில்லை' என்ற ஓயாத சந்தேகமும், அதாவது நோய்ப் பயமும், பலருக்குக் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஈசிஜி நார்மல் என்று கையில் வந்த பிறகுதான் சிகிச்சை தொடங்க வேண்டும். நாம் அங்கேயே முடித்து அனுப்பிவிடுகிறோம்.

இது நம் ஊர் டாக்டர்களின் குறை மட்டும் இல்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் இதய நோய்க்கென்றே உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலி என்று வந்த 441 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கில் ஒருவருக்குப் பீதிக் கோளாறு இருந்தது. அவர்களில் 98 சதவீதம் பேருடைய கோளாறை இதய மருத்துவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவெடுத்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. ஓடவோ சண்டையிடவோ தேவையான ரத்தம் பெரிய தசைகளுக்குப் போக வேண்டும் என்பதால் இதயம் வேகமெடுக்கிறது. மூச்சும் வேகமாகிறது. ஆனால் ஆள் ஓடவில்லை, கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறைகிறது. விரலும் உதடும் மரமரப்பது அதனால்தான். சிலருக்குக் கைவிரல்கள் கூம்பி இழுத்துக்கொள்ளும். வீட்டார் வலிப்பு என்றோ பக்கவாதம் என்றோ பதறுவார்கள். மூளையின் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பது எல்லாம் கனவுபோலத் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், காற்றே போதவில்லை என்று அவர் தவிக்கும் அதே நேரத்தில் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 99 காட்டும்.

மயங்கி விழுந்துவிடுவோம் என்பதுதான் பலருடைய பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியிலோ அது ஏறுகிறது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கும் சிலரைத் தவிர மற்றவர்கள் பீதி வந்து கீழே விழுவது அபூர்வம். உச்சத்தைத் தொடச் சில நிமிடங்கள், அடங்கப் பெரும்பாலும் அரை மணி நேரம். எதுவும் செய்யாவிட்டாலும் அடங்கும். ஆனால் அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைச் செய்துவிடுகிறோம். தண்ணீர் குடிக்கிறோம், சோடா குடிக்கிறோம், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அதனால்தான் பிழைத்தோம் என்று நம்பியும்விடுகிறோம்.

ஒரு தடவை வந்துபோகும் பீதி நோயாவதில்லை. பலருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது வந்திருக்கும். திரும்பத் திரும்ப வருவதற்கு என்ன காரணம் என்பதற்கு ஆக்ஸ்போர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தந்த விளக்கம்தான் இன்றைய சிகிச்சையின் அடித்தளம். உடலில் எழும் சாதாரண உணர்வு ஒன்றை உயிருக்கு வந்த ஆபத்து என்று மனம் தவறாகப் படிக்கிறது. அந்தப் பயம் அதே உணர்வைக் கூட்டுகிறது. கூடிய உணர்வு பயத்துக்குச் சாட்சி சொல்கிறது. உளவியலாளர் ஆன்கே எஹ்லர்ஸின் குழு 1988இல் இதைச் சோதித்தது. இதயம் வேகமெடுத்துவிட்டது என்று பொய்யாக ஒரு துடிப்போசையைக் கேட்க வைத்தார்கள். பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொய்யைக் கேட்டே பதற்றம் கூடியது, நிஜமான இதயத்துடிப்பும் ஏறியது.

அப்படித் தவறாகப் படிப்பதற்கான உணர்வுகளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடப்பட்டது. அந்த வெயிலில் தோட்டத்தில் நின்றுவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் யாருக்கும் கண் இருட்டும். வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் காபி குடித்தால் நெஞ்சு துடிக்கும். கள்ளுக்கும் இதில் பங்கு உண்டு. சித்தூர் தாலுகாவின் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது, ஊருக்குள்ளும் இறங்குகிறது. மாலையில் குடிக்கும்போது படபடப்பு அடங்கியதுபோல் இருக்கும். போதை இறங்கும் விடியற்காலையில் நரம்புகள் எதிர்த்திசையில் துள்ளும். பயத்துக்குக் குடிப்பவருக்குப் பயம் வட்டியோடு திரும்பி வரும்.

சிலருக்கு மட்டும் உடலின் எச்சரிக்கை மணி ஏன் எளிதில் அடித்துக்கொள்கிறது? பரம்பரைக்கும் வளர்ப்புக்கும் பங்கு உண்டு என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்க மருத்துவ நூல்களில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் பெண்ணின் கதை சுவாரசியமானது. பயத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் அமிக்டலா அவருக்கு இரு பக்கமும் அழிந்துவிட்டது. பாம்பைக் கையில் பிடிக்கத் துடித்தவர், பேய் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனவர். 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்க வைத்தபோது அவரும் அரண்டுபோனார். 2013இல் வெளியான இந்த ஆய்வின்படி, கண்ணால் கண்டு வரும் பயத்துக்கும் உடலுக்குள்ளிருந்து கிளம்பும் பயத்துக்கும் மூளையில் வழி வேறு. பாம்புக்கு அஞ்சாத ஆண்பிள்ளை பீதிக்கு மட்டும் அஞ்சுவது கோழைத்தனம் ஆகாது.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் ஆக்சிமீட்டரும் பிரஷர் மெஷினும் குடியேறிவிட்டன. இப்போது கைக்கடிகாரமே நாடி பார்க்கிறது. நாளுக்குப் பத்து முறை பார்ப்பவருக்கு எப்போதாவது ஒரு எண் கோணலாக வந்தே தீரும். அன்றைய தூக்கம் போச்சு. எண் சரியாக வந்தாலும் நிம்மதி நிலைப்பதில்லை. தீராத தலைவலிக்காரர்களுக்கு லண்டனில் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. மூன்று மாதம் கவலை குறைந்திருந்தது, ஒரு வருடத்தில் அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருப்பவர்களுக்குச் செய்த பரிசோதனைகள் குறித்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரையும் அதையே சொன்னது: நார்மல் என்ற தாளால் பயம் போவதில்லை.

இதயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் போகாது என்ற பாடம் புதிதும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று படுத்த சிப்பாய்களைப் பார்த்த மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா 1871இல் அதை விரிவாக எழுதினார். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதே கதை. இதய நோய் என்று சீட்டு எழுதி மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். படுக்கப் படுக்கச் சிப்பாய்கள் நொடித்தே போனார்கள். தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ராணுவ மருத்துவமனையில் அவர்களை எழுப்பிப் படிப்படியாகக் கடினமாகும் உடற்பயிற்சியில் இறக்கிவிட்டார். நெஞ்சு துடிக்கத் துடிக்க நடந்தவர்களில் பலர் தேறினார்கள். 1918இல் அதைப் புத்தகமாக்கினார். அவர் மனநல மருத்துவர் இல்லை. இன்று மனநல மருத்துவர்கள் செய்வதன் சாயல் அவர் பயிற்சியில் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

இன்றைய முறையைக் கேட்டால் முதலில் எவரும் முகம் சுளிப்பார்கள். பயப்படும் உணர்வை ஆலோசகரின் முன்னால் வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் சுற்றித் தலையைக் கிறுகிறுக்க வைக்க வேண்டும். ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சிழுக்க வேண்டும், படியேறி ஓட வேண்டும். மரமரப்பு வரும், துடிப்பு வரும்; மாரடைப்பு வராது. திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உணர்வு வெறும் உணர்வாகிறது. பிறகு பையிலிருக்கும் மாத்திரை இல்லாமல் சந்தைக்கு, துணையில்லாமல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு. 312 பேரிடம் உளவியலாளர் டேவிட் பார்லோ நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் இமிப்ரமின் மாத்திரையும் இந்தப் பயிற்சியும் இரண்டுமே பலன் தந்தன. இரண்டையும் நிறுத்திய பிறகு பயிற்சி பெற்றவர்களிடம்தான் பலன் நின்றது.

மாத்திரையை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சில வாரம் பொறுக்க வேண்டும், முதல் சில நாள் படபடப்பு கூடவும் கூடும். அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். இதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். அல்ப்ரசோலம் கதை வேறு. அரை மணி நேரத்தில் அடக்கிவிடும், அதுவேதான் அதன் ஆபத்தும். மாதக்கணக்கில் போட்டால் பழக்கமாகும், திடீரென்று நிறுத்தினால் பீதி முன்னைவிட மோசமாக வரும், வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுபவர்கள் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். முதல் முறை வரும் நெஞ்சுவலியை யாரும் வீட்டில் உட்கார்ந்து பீதி என்று தீர்மானிக்கக் கூடாது; சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், வேலை செய்யும்போது நெஞ்சு அழுத்தி உட்கார்ந்தால் குறைகிறது என்பவர்கள், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறவர்கள் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும். இதயக் கோளாறைப் பீதி என்று எண்ணிவிடும் மறுபக்கத் தவறும் நடக்கிறது. திடீரென்று இதயம் தாறுமாறான வேகமெடுக்கும் ஒருவகைக் கோளாறு உள்ள 107 பேரை 1997இல் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது பிடிபடவில்லை. ஸ்வீடனில் நோய்ப் பயம் என்று பதிவான நாலாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்த 2023 ஆய்வில், அவர்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்து வருடம் முன்னதாக இறந்திருந்தார்கள். தற்கொலையும் அதிகம். எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் நூறு வயது இருப்பார் என்று சிரிப்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

சிகிச்சையை யார் தருவது என்பதில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனக்கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு மனநல மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். காத்திருக்கவும் வேண்டியதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார மையங்களும் தனியார் கிளினிக்குகளுமாக 24 இடங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு உள்ளூர் ஆட்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தது. 2010 முடிவுகளின்படி அரசு மையங்களில் தேறியவர்கள் 65.9 சதவீதம், ஆலோசகர் இல்லாத மையங்களில் 42.5. இங்கிலாந்தில் மருத்துவமனை வெளிநோயாளிகள் 444 பேரிடம் நடந்த 2014 ஆய்வில், நோய்ப் பயத்துக்கான சிகிச்சையை மனநல நிபுணர் அல்லாதவர்களும் குறுகிய பயிற்சிக்குப் பிறகு கொடுத்தார்கள். அந்தப் பலன் இரண்டு வருடம் நின்றது.

கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ஆஸ்வாஸம் என்ற பெயரில் நர்ஸ்கள் மனச்சோர்வைக் கண்டறிகிறார்கள். அதே சிஸ்டருக்குப் பீதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது பெரிய செலவாகாது. எல்லையோரத்தில் அந்த சிஸ்டருக்குத் தமிழும் வேண்டும். கடையில் சாமான் வாங்கும் மலையாளம் எல்லாருக்கும் உண்டு, செத்துவிடுவேனோ என்ற பயத்தைச் சொல்லும் மலையாளம் எல்லாருக்கும் இல்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் மொழியைத் தேர்ந்தெடுத்துத் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது, இரவு பதினொன்றரைக்கும் எடுப்பார்கள்.