காவல் காமிரா: கம்பியா, பாட்டரியா?

வானம் பார்த்த பூமி எனப் பெயர் பெற்ற அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில், கரிசல் காட்டு மல்லியும் பருத்தியும் வீடு வந்து சேர்ந்த பின் வேலை தேடி வெளியூர் செல்லுதல் நெடுநாளைய வழக்கம். சிவகாசி, திருப்பூர், சென்னை எனப் பிள்ளைகள் பிரிந்து சென்றுவிட, ஊரில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. ஒரு தெருவில் பத்து வீடுகள் இருந்தால் மூன்று நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே, குடிநீர், சாலை, தொகுப்பு வீடு ஆகிய விஷயங்களைப் பேசி முடித்து எழுந்திருக்கும் தறுவாயில், "காமிரா ஒன்று மாட்டலாம் என்றிருக்கிறோம்; கம்பி இழுத்து மாட்டுவதா, பாட்டரியில் ஓடுவதை வாங்குவதா?" என்று நம்மிடம் கேட்போர் பெருகி வருகின்றனர். வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் கேட்பவர்களை வெறுங்கையுடன் அனுப்ப மனம் வரவில்லை.

நாம் இக்கேள்வியைச் சற்று ஊன்றிக் கவனிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தனியே வாழும் மூதாட்டி ஒருவரின் தொழுவத்திலிருந்து இரவோடிரவாக ஐந்து ஆடுகள் களவு போயின. அவை அவருக்கு வங்கிக் கணக்கைப் போன்றவை. மருந்துச் செலவும் பேத்தியின் பள்ளிச் செலவும் அவற்றை நம்பியே இருந்தன. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பாட்டரிக் காமிரா ஒன்றை வாசல் தாழ்வாரத்தின் மேல் மாட்டிவிட்டுச் சென்றிருந்தார். படம் எங்கே என்று கேட்டபோது அவ்வம்மையார், "ஐயா, அந்தப் பெட்டி பதினைந்து நாளாத் தூங்குது. இறக்கிச் சார்ஜ் போடணும்னு மகன் போனிலே சொன்னான். நான் எப்படி ஏணியில ஏறுவேன்?" என்றார். மகனும் அடுத்த மாதம் விடுமுறையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். காமிராவில் பழுது ஏதும் இல்லை. அந்த வீட்டிற்கு அது பொருத்தமில்லாத வகை, அவ்வளவே.

வீட்டுக் காவலுக்குக் காமிராவைப் பயன்படுத்தும் எண்ணமே தனித்திருக்கும் பெண் ஒருவரின் அச்சத்திலிருந்து பிறந்ததுதான். நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலி, கதவுத் துளைகளின் வழியே வெளியே நிற்பவரைப் பார்த்துப் படுக்கையறைத் திரையில் காட்டும் சாதனம் ஒன்றை வகுத்து, 1966இல் விண்ணப்பித்து, 1969இல் தம் கணவருடன் அதற்கு உரிமம் பெற்றார். காவலர் வந்து சேரத் தாமதமாகும் தெருவில் அவர் குடியிருந்தார். நமது கிராமங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

இனி விஷயத்திற்கு வருவோம். கம்பிக் காமிரா என்பது இடைவிடாமல் மின்சாரம் பெற்று, இடைவிடாமல் பதிவு செய்வது. சுவரில் உள்ள காமிராவிலிருந்து ஒரு கம்பி வீட்டினுள் இருக்கும் பதிவுப் பெட்டிக்கு, அதாவது டி.வி.ஆர். என்று கடைக்காரர் சொல்லும் பெட்டிக்கு வரும். அப்பெட்டியிலுள்ள ஹார்டு டிஸ்க்கில் படம் சேரும். இணையம் இல்லாவிடினும் பதிவு நடைபெறும் என்பது இதன் முதற் சிறப்பு. வெளியூரில் இருக்கும் மகன் பார்ப்பதற்குத்தான் இணையம் தேவை. காமிராவையே திருடன் உடைத்தாலும் அதுவரை பதிந்த படம் உள்ளே பத்திரமாக இருக்கும் என்பது மற்றொரு சிறப்பு.

மின்கட்டணம் குறித்து மக்களுக்கு உள்ள அச்சம் ஓரளவே நியாயமானது. 5 வாட் எடுக்கும் ஒற்றைக் காமிரா நாளெல்லாம் ஓடினால் 120 வாட் மணி. இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 7 யூனிட். நான்கு காமிராக்களும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 30 வாட் எடுக்குமாயின், இரு மாதங்களில் 43 யூனிட் ஆகிறது. வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்ற சலுகை 2016ஆம் ஆண்டில் வந்தபோது, ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்குகளும் உள்ள வீடுகள் பில் கட்டாமலே காலந்தள்ளின. அத்தகைய வீட்டில் நான்கு காமிரா மாட்டினால் அந்த 100 யூனிட்டில் பாதியை அவையே விழுங்கிவிடும். ஒன்றோ இரண்டோ போதுமான இடத்தில் நான்கு மாட்டச் சொல்லும் கடைக்காரரின் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கம்பிக் காமிராவின் பெரும் பலவீனம் மின்தடை. பராமரிப்பிற்காக மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் உண்டு. ஐப்பசியில் இடியும் மழையும் வந்தால் இரவிலும் நின்றுபோகும். கன்னம் வைப்பவனுக்கு உகந்த இரவும் அதுவே. ஆகவே இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், காமிராவிற்கும் ரவுட்டருக்கும் மட்டும் சில மணி நேரம் தாங்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்தே வாங்குதல் வேண்டும். இதை விட்டுவிட்டுக் காமிராவை மட்டும் வாங்குவது, கதவை வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை மறந்த கதையாகும்.

கம்பியின் தரம் பற்றி ஒரு வார்த்தை. பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். செம்புக் கம்பி என்று சொல்லி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியை இழுத்துவிடுவார் உண்டு. 12 வோல்ட் மின்சாரம் மெல்லிய கம்பியில் நாற்பது ஐம்பது மீட்டர் செல்லும்போது வழியிலேயே அழுத்தம் குறைந்துபோகிறது. பகலில் ஒழுங்காக வேலை செய்யும் காமிரா இரவானதும் அணைந்து அணைந்து எரிவதை நாம் கண்டிருக்கிறோம். இரவில் அதனுள் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. அத்தேவையைக் கம்பி தாங்குவதில்லை. காவல் வேண்டிய நேரத்தில் கண் மூடும் காவலாளி அது. வீட்டிற்கும் தொழுவத்திற்கும் இடையே தூரம் மிகுதியாயின், நெட்வொர்க் கம்பியிலேயே 48 வோல்ட் அளவில் மின்சாரத்தையும் அனுப்பும் முறை நன்று. 100 மீட்டர் வரை இது செல்லும். எலியும் அணிலும் கடிக்காதிருக்கக் கம்பியைக் குழாய்க்குள் செலுத்துதல் அவசியம். இடி மின்னலுக்கு அஞ்சி நில இணைப்பும் சரியாக இருத்தல் வேண்டும்.

பாட்டரிக் காமிராவின் இயல்பு வேறு. அது எப்பொழுதும் உறங்கிக்கொண்டே இருக்கும். அதன் முகத்திலுள்ள ஓர் உணர்கருவி, சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட உடலொன்று எதிரே நகர்வதை உணர்ந்தால், காமிராவை எழுப்பும். காமிரா விழித்துச் சில விநாடிகள் படம் பிடித்து, கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்கச் செல்லும். பாட்டரி மாதக்கணக்கில் தாங்குவதன் இரகசியம் இவ்வுறக்கமே. அட்டைப்பெட்டியின் மேல் ஆறு மாதம் என்று அச்சிட்டிருப்பது, நாளொன்றுக்குச் சில முறையே விழிக்கும் காமிராவிற்குப் பொருந்தும். பேருந்து செல்லும் தெருவை நோக்கியோ, ஆடும் கோழியும் நாயும் உலவும் முற்றத்தை நோக்கியோ மாட்டினால் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். மேற்சொன்ன மூதாட்டியின் வீட்டில் நடந்ததும் இதுவே. எந்த ஆடுகளைக் காக்க மாட்டப்பட்டதோ, அந்த ஆடுகளே பகலெல்லாம் குறுக்கே நடந்து அதன் பாட்டரியைத் தீர்த்துவிட்டன.

நமது வட்டாரத்தின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மனித உடலின் மேற்பரப்பு வெப்பமும் சுற்றியுள்ள காற்று, சுவர் ஆகியவற்றின் வெப்பமும் நெருங்கிவிட்டால், உணர்கருவிக்கு வேறுபாடு தெரியாது. பங்குனி, சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் இது நேரக்கூடியதே. எல்லோரும் உண்டு அயர்ந்து தெரு ஓய்ந்திருக்கும் பொழுதும் அதுதான். மேலும் லித்தியம் பாட்டரியை 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்தல் அதன் ஆயுளைக் குறைக்கும். மேற்குப் பார்த்த மொட்டைச் சுவரில் மாட்டிய காமிரா உச்சி வெயிலில் அவ்வளவு சூடாவது எளிது. கூரை நிழலில், வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் மாட்டுதல் உத்தமம். சோலார் தகடு மட்டும் வெயிலில் இருக்கட்டும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆதலின் தகடு இணைத்த பாட்டரிக் காமிரா நமக்கு ஏற்றதே. ஆனால் கரிசல் புழுதி தகட்டின் மேல் படியும். மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைக்க ஆள் வேண்டும். இரவு விளக்கை நாடிவரும் பூச்சிகளுக்காகச் சிலந்தி காமிராவின் முகத்திலேயே வலை பின்னுவதும் உண்டு. அவ்வலையையும் அப்போதே நீக்கிவிடலாம்.

பாட்டரி வகைக்கு வைஃபையோ சிம் கார்டோ இன்றியமையாதது. தடித்த மண்சுவரையும் கல்சுவரையும் தாண்டி வைஃபை வெகுதூரம் செல்லாது. சிம் கார்டு போடும் வகையானால் ரீசார்ஜ் செலவு தொடர்ந்து வரும். வாங்கும் விலையோடு இதையும் கூட்டிப் பார்ப்பார் மிகச் சிலரே. படம் காமிராவின் உள்ளிருக்கும் மெமரி கார்டில் மட்டும் சேர்ந்தால், காமிராவைக் கழற்றிச் செல்பவன் சாட்சியையும் உடன் கொண்டு சென்றுவிடுகிறான்.

அப்படியாயின் பாட்டரிக் காமிரா பயனற்றதோ எனில், அன்று. ஊருக்கு வெளியே காட்டுக் கிணற்றில் மோட்டாரும் செம்புக் கம்பியும் களவு போவதைத் தடுக்கவும், ஆட்டுக்கிடை, படப்பு, களம் ஆகியவற்றைக் கண்காணிக்கவும் சோலார் தகடும் சிம் கார்டும் கொண்ட காமிராவே தகுந்தது. அங்கே வீட்டு மின்சாரம் இல்லை. பம்பு செட்டிற்குத் தரப்படும் மின் இணைப்பு பாசனத்திற்கென உள்ளது. அதிலிருந்து வேறு உபயோகத்திற்கு மின்சாரம் எடுத்தல் விதிக்குப் புறம்பு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதோர்க்கும் பாட்டரி வகை சௌகரியமானது. முதியோர் தனித்து வாழும் வீட்டிற்கும், மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டிற்கும் கம்பி வகையே என்பது நமது துணிபு. விலையை விசாரிக்கும் முன், "பாட்டரி தீர்ந்தால் ஏணியில் ஏறப்போவது யார்?" என்ற கேள்விக்கு விடை தேடினால், பாதித் தீர்மானம் ஆகிவிடும்.

தெருவார் சிலர் கூடி, தெரு முனையில் இரண்டு கம்பிக் காமிராக்களை மாட்டிச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது இன்னும் சிக்கனம். 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்னும் பெயரில் குடியிருப்போரையும் வணிகரையும் இவ்வாறு சேர்த்துத் தெருக்களில் காமிராக்களை நிறுவச் செய்தது. கிராமத் தெருவிற்கும் இம்முறை பொருந்தும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு காமிரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜி.பி. நிரப்பும். நான்கு காமிராவிற்கு 1 டி.பி. ஹார்டு டிஸ்க் பதினொரு பன்னிரண்டு நாட்களே தாங்கும். அதன் பின் பழையதன் மேல் புதியது பதியும். பொங்கலுக்கு வந்து பூட்டிச் சென்றவர் சிவராத்திரிக்கு வந்து களவைக் கண்டால், படம் இராது. களவு தெரிந்தவுடன் பெட்டியை நிறுத்தி, காவல் நிலையத்தாரிடம் காட்டி, உரிய பகுதியை எடுத்து வைத்தல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க அதற்குரிய சான்றிதழும் வேண்டும். கைப்பேசியில் பகிர்ந்து ஊரெல்லாம் சுற்றிய படத்தைவிட மூலப் பதிவு இருக்கும் பெட்டியே மதிப்பு உடையது.

நிற்க. காமிராவால் களவு குறைந்த தெருவில் அண்டை வீட்டாருடன் சண்டை பெருகிய செய்தியும் நம்மிடம் வந்துள்ளது. நமது தெருக்கள் குறுகியவை. ஒரு வீட்டு வாசலுக்கு மாட்டிய காமிரா எதிர் வீட்டுத் திண்ணையையும் பின்புறக் குளியல் மறைப்பையும் பார்த்துவிடக்கூடும். பெண்களின் அந்தரங்கத்தைப் படம் பிடித்தல் பாரதிய நியாய சன்ஹிதையின் 77ஆம் பிரிவின்கீழ் குற்றம். மாட்டும் அன்றே எதிர் வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டிவிடுதல் நலம். அடுத்தவர் பகுதியைக் கறுப்புக் கட்டமிட்டு மறைக்கும் வசதி பல காமிராக்களில் உண்டு.

கடைக்காரர் வைத்துத் தரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். அதே சொல்லை ஊரில் பத்து வீடுகளுக்கு வைத்திருப்பார். இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறிய காமிராக்களே விற்கப்பட வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பில்லுடன் வாங்குவோர் அதைக் கேட்டு வாங்கலாம்.

மூதாட்டியின் வீட்டில் இப்பொழுது தொழுவத்திற்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என இரண்டு கம்பிக் காமிராக்களும், சமையற்கட்டுப் பரணில் பதிவுப் பெட்டியும், சிறு யு.பி.எஸ். ஒன்றும் உள்ளன. ஆடுகள் மீண்டும் இரண்டு சேர்ந்திருக்கின்றன. வேலை முடிந்து கூலிக்கு நின்ற ஊழியரிடம் மகன் செய்த காரியத்தை எல்லோரும் செய்யலாம். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து, இருட்டும் வரை காத்திருந்து, தொழுவத்தில் ஆள் நடமாடுவது கைப்பேசியில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.