மாய நடப்பியல் நாவலும் மதுராந்தகத்து ஏரியும்

மாய நடப்பியல் என்னும் சொல் இக்காலத் திறனாய்வில் பெருவழக்காய் உள்ளது. இயற்கை இறந்த நிகழ்ச்சி ஒன்று கதையில் வந்த அளவிலேயே அதற்கு இப்பெயரிடும் வழக்கமும் காணப்படுகிறது. அவ்வாறு கொள்ளின் காப்பியங்களும் விக்கிரமாதித்தன் கதைகளும் இவ்வகையிற் சேர்தல் வேண்டும். ஆதலின் இச்சொல்லின் எல்லை யாது, ஓர் ஊரின் நோயையும் அது தீர்தலையும் கூறும் நாவலில் மாயம் ஆற்றும் பணி யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

1925இல் செருமானிய அறிஞர் பிரான்சு ரோ, தம் காலத்துப் புதிய ஓவிய நெறியைக் குறிக்க இச்சொல்லை வழங்கினார். 1949இல் கியூபா நாட்டு எழுத்தாளர் அலெகோ கார்ப்பெந்தியர், இலத்தீன் அமெரிக்க மக்களின் வாழ்விலேயே வியப்பு கலந்துள்ளது என்னும் கருத்தைத் தம் நாவல் ஒன்றின் முன்னுரையில் வலியுறுத்தினார். 1967இல் வெளிவந்த காபிரியேல் கார்சியா மார்க்கேசின் நாவல் இந்நெறியை உலகறியச் செய்தது. அந்நூல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' எனத் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985) தமிழில் இந்நெறியின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று.

இந்நெறியின் சிறப்பியல்புகள் இரண்டு. உழவையும் உணவையும் கூறும் அதே குரலில் வியத்தகு நிகழ்ச்சியையும் ஆசிரியர் கூறுவார் என்பது ஒன்று. அந்நிகழ்ச்சிக்கு ஊரே சான்றாய் நிற்கும் என்பது மற்றொன்று. மார்க்கேசின் மக்கோந்தோ என்னும் ஊரில் உறக்கமின்மை தொற்றுநோயாய்ப் பரவுகிறது. அதன் விளைவாக மக்கள் பொருள்களின் பெயர்களையும் மறக்கின்றனர். பெயர்களை எழுதிப் பொருள்தோறும் ஒட்டுகின்றனர். பசுவின் பயன் இன்னதென்பதையும் எழுதி மாட்டுகின்றனர். மெல்கியாதெசு என்னும் நாடோடி தரும் மருந்தால் நோய் தீர்கிறது. ஆயினும் அதே ஊர் பின்னர் வாழைத்தோட்டத் தொழிலாளர் கொல்லப்பட்டதை மறந்துவிடுகிறது. கண்டு கூறியவனை எவரும் நம்பவில்லை. இப்பகுதிக்குக் கொலம்பியாவில் 1928இல் நிகழ்ந்த படுகொலை அடிப்படையாகும். முதல் மறதிக்கு மருந்து கிடைத்தது. இரண்டாம் மறதிக்குக் கிடைக்கவில்லை. எனவே, நினைவு மீளாத இடத்தில் ஊரின் நோய் தீர்ந்ததாகாது என்பதே அந்நாவலால் பெறப்படும் கருத்தாகும்.

இதனை அளவுகோலாகக் கொண்டு நம் நாட்டுக் கதை ஒன்றை நோக்கலாம். செங்கற்பட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே செல்லும் பெருவழியில் படாளமும், அதற்கப்பால் மதுராந்தகமும் உள்ளன. லயனல் பிளேசு 1794 முதல் 1798 வரை கும்பினியாரின் ஜாகீர்ப் பகுதிக்குக் கலெக்டராய் இருந்தார். மழைக்காலத்தில் உடைந்து ஊரை அழித்துவந்த மதுராந்தகத்து ஏரிக்கரை அவ்வாண்டு நிலைத்தால் தாயார் சன்னிதியைக் கட்டித்தருவதாக அவர் வாக்களித்தார் என்றும், பெருமழை இரவில் கரையைப் பார்க்கச் சென்றபோது வில்லேந்திய இளைஞர் இருவர் காவல் நிற்கக் கண்டார் என்றும் ஊரார் கூறுவர். கோயில் இறைவர்க்கு ஏரிகாத்த இராமர் என்னும் பெயர் வழங்குகிறது. சன்னிதித் திருப்பணியைப் பிளேசுக்கு உரியதாகக் கூறும் கல்வெட்டும் அங்குண்டு.

இக்கதையில் வியப்பைக் காண்பவர் அயலார். அதனைக் காத்துச் சொல்லிவருவோர் ஊரார். உடைப்பு என்னும் நோய்க்கு மருந்தாவது, ஆள்வோரும் ஊரும் இறைவனும் ஒருவர்க்கொருவர் கடன்பட்டு நிற்கும் புதிய உறவே. படாளத்திலிருந்து மேற்கே பிரியும் சாலையில் உள்ள வேடந்தாங்கல் இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்குதலை அறிந்த ஊரார், அவற்றைச் சுடாது காக்கும் உரிமையை வேண்டினர்; 1798இல் கலெக்டர் அவ்வுரிமையை ஏற்றார். அங்கு ஆணை செய்ததை மதுராந்தகத்தில் கதை செய்தது. காலத்தாலும் களத்தாலும் நெருங்கிய இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பார்க்கு, வியப்பும் நடப்பும் ஒரே தேவையினின்று பிறத்தல் புலனாகும்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வழிபாட்டில் வாழும் கதையை நாவல் எனப் பெயரிடுதல் பொருந்தாது. நம்புவோர்க்கு அஃது உத்தியன்று. மேலும் அக்கதை வில்வீரரையும் துரையையும் நினைவிற் கொள்கிறது. மழைக்கு முன்னர்க் கரைக்கு மண் சுமந்தோரின் பெயரைக் கூறவில்லை. மார்க்கேசு தம் நாவலில் செய்தது போல, வியப்பைக் குறைக்காமலே அம்மறதியையும் காட்டுதல் நாவலாசிரியனின் பணி. ஏரிக்கரையின் ஒளியோடு மண்கூடை சுமந்த தலைகளையும் ஒரே குரலில் கூறும் தமிழ் நாவல் எழுமாயின், அதனையே இந்நெறியின் முழுமையான வளர்ச்சி எனக் கொள்ளலாம்.