நான்கு ஓரங்களின் கணக்கு

பேன்ட் தைக்கக் கொடுத்தால் இடுப்பு, சீட், தொடை, நீளம் எல்லாம் அளந்துவிட்டு, “பாட்டம் எவ்வளவு வைக்கட்டும்?” என்பார் டெய்லர். மற்ற அளவுகளை உடம்பு சொல்லும். இது ஒன்று பெரும்பாலும் நம் இஷ்டம். 1920களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தொளதொளவென்று அணிந்த ‘ஆக்ஸ்ஃபோர்டு பேக்ஸ்’, 1970களின் பெல்பாட்டம், பிறகு வந்த பென்சில் ஃபிட் எல்லாமே காலின் வடிவத்தை வைத்து நடந்த விளையாட்டுதான்.

நன்றாகப் பொருந்தும் ஒரு பேட்டர்ன் இருந்தால், அதிலிருந்தே இவற்றை எடுக்கலாம். கவட்டு முனையையும் அதற்கு மேலேயும் தொடக் கூடாது. சீட்டின் பொருத்தம் கெட்டுவிடும். கீழே மாற்றுவதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு காலுக்கு முன் துண்டு, பின் துண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ஓரம், வெளிஓரம். பாட்டம் சுற்றளவு 16 அங்குலத்திலிருந்து 20 ஆக வேண்டுமென்றால், கூடும் 4 அங்குலத்தை நான்கு ஓரங்களுக்கும் ஒவ்வொரு அங்குலமாகப் பிரிக்க வேண்டும். பெல்பாட்டத்துக்கு முழங்காலிலிருந்து கோட்டை விரித்துக்கொண்டே வரலாம். விரிவதைச் சற்று மேலே தொடங்கினால் கால் நீளமாகத் தெரியும்.

ஏன் சமமாகப் பிரிக்க வேண்டும்? காலின் நடுக்கோடு துணியின் பாவு இழையோடு ஓடுகிறது. இஸ்திரி மடிப்பு விழுவதும் அதன்மேல்தான். வெளிஓரத்தில் மட்டும் கூட்டினால் நடுக்கோடு நடுவில் இருக்காது. கால் திருகும், பக்கத் தையல் இடம் மாறி நிற்கும். ஆனால் ஜீன்ஸ் திருகினால் உடனே டெய்லரைத் திட்ட வேண்டாம். டெனிம் சாய்வு வரி நெசவு. துவைத்த பிறகு துணி தானாகவே ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

ரெடிமேட் பேன்ட்டை ‘டைட்’ பண்ணும்போது இந்தக் கணக்கு பல சமயம் காற்றில் போய்விடுகிறது. ஒரு பக்கம் இரட்டைத் தையல் இருந்தால் பிரிப்பது தொல்லை. ஆகவே மறுபக்கத்தில் மட்டும் பிடித்துவிடுவார்கள். அரை அங்குலம் என்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு அங்குலத்துக்கு அதைச் செய்வது சோம்பேறித்தனம் என்பேன்.

குறுக்குவதற்கு எல்லையும் உண்டு. குதிகாலையும் புறங்காலையும் சேர்த்துச் சாய்வாக டேப் சுற்றிப் பாருங்கள். நெகிழாத துணியில், ஜிப்போ திறப்போ இல்லாமல், பாட்டம் அதைவிடக் குறைந்தால் பாதம் நுழையாது. கெண்டைக்கால் சதையையும் அளந்துகொள்வது நல்லது. உட்காரும்போது துணி அங்கேதான் சிக்கும்.

பலரும் மறப்பது அடிமடிப்பை. கீழே போகப்போகக் குறுகும் காலில் மடிப்புத் துணியையும் அதே சரிவில் வெட்டினால், மேலே மடிக்கும்போது சுற்றளவு போதாமல் சுருக்கம் விழும். மடிப்புக் கோட்டுக்குக் கீழே ஓரம் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். பெல்பாட்டத்தில் நேர்மாறாக, உள்ளே சாய வேண்டும். பேட்டர்ன் காகிதத்தையே மடித்துவைத்து, மடித்தபடியே ஓரத்தை வெட்டிவிட்டால் இரண்டும் தானாகச் சரியாக அமையும்.