பெட்டி சாட்சி சொல்லாது

தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி இருக்கும் வீடுகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்துவிடுகிறார். காரியம் முடிந்ததும் பரணிலிருந்து தோல் போர்த்திய பெட்டி இறங்குகிறது. மூடியின் உட்புறம் லண்டன் கம்பெனி லேபிள், எண்ணெய்க் குப்பி, மங்கிப்போன ஒரு பில். "எல்லாம் ஒரிஜினல், லட்சக்கணக்கில் போகும்" என்று யாரோ சொல்ல, படம் வாட்ஸ்அப்பில் பறக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் இரும்பில் வெட்டிய எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது அதைத்தான். ஆயுதச் சட்டம், 1959-இன் 8-ஆவது பிரிவு துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அழித்தவர் அவரே என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஆகவே துருப்பிடித்த எண்ணை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பட்டறையில் கொடுத்து மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். பாலிஷ் போடுகிறேன் என்று வருபவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எண்ணை நீங்களே தேடவும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். உங்களுக்கு லைசென்ஸும் இல்லை. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியோ காவல் நிலையமோ பார்க்கட்டும், நீங்கள் உடன் நில்லுங்கள். இரட்டைக் குழல் துப்பாக்கியில் எண் பெரும்பாலும் டிரிகர் கார்டின் வால் பகுதியிலும், குழலைக் கழற்றினால் அதன் அடிப்புறத் தட்டையிலும், முன்கட்டை இரும்பிலும் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். காப்புரிமை எண்ணையோ, சோதனைச்சாலை முத்திரையையோ, குழல் அளவையோ வரிசை எண் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பழைய லைசென்ஸ் புத்தகத்திலேயே அப்படித் தவறாக ஏறியிருந்தாலும் அதை நீங்கள் பேனாவால் திருத்தக் கூடாது. உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் திருத்தி முத்திரையிட வேண்டும்.

பெட்டிக்கு வருவோம். லேபிளில் உள்ள முகவரியைத் துப்பாக்கி செய்யப்பட்ட ஆண்டோடு ஒப்பிடுங்கள். லண்டன் பர்டி துப்பாக்கி நிறுவனம் முன்பு ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 314½ ஆம் எண்ணில் இருந்தது. சவுத் ஆட்லி தெருவுக்குப் போனது 1880-களின் தொடக்கத்தில். 1860-களின் எண் கொண்ட துப்பாக்கி ஆட்லி தெரு லேபிள் ஒட்டிய பெட்டியில் கிடந்தால், பெட்டியோ லேபிளோ பிறகு வந்தது. அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய பெட்டி கெட்டுப்போய் வேறு வாங்கியிருக்கலாம். ஆனால் 'ஒரிஜினல் பெட்டி' என்ற விலை அதற்குக் கிடையாது. குழல் அதற்கான தடுப்பில் ஆடாமல் உட்கார வேண்டும். 30 அங்குலக் குழலுக்கான இடத்தில் 28 அங்குலக் குழல் ஆடினால் சந்தேகப்படுங்கள். குழலை யாராவது வெட்டிக் குறைத்திருந்தால் அது இன்னும் பெரிய தலைவலி: உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது 6-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டு துப்பாக்கிக்கு இடமுள்ள பெட்டியில் ஒன்றுதான் இருந்து, அதன் மேல் தங்கத்தில் '2' என்று பொறித்திருந்தால், எப்போதோ ஜோடி பிரிந்திருக்கிறது.

கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு, அனுப்பிய தேதி முதலிய விவரங்களுடன் தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டிலிருந்து கடிதம் பெறலாம். நம்ப வேண்டியது அதைத்தான். அட்டைப் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதிய எண்ணை இன்று யார் வேண்டுமானாலும் எழுத முடியும். கடிதமும் துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லுமே தவிர, வைத்துக்கொள்ளும் உரிமையைத் தராது.

இனிச் செய்ய வேண்டியது. ஒன்று: லைசென்ஸ்காரர் இறந்ததும் 21-ஆவது பிரிவின்படி தாமதமின்றித் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படையுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுங்கள். அவற்றுக்கும் உரிமம் வேண்டும். இரண்டு: ரசீது வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழல் அளவு, தோட்டா எண்ணிக்கை நான்கும் அதில் இருக்க வேண்டும். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எழுத்தர் சலித்துக்கொள்வார், சலித்துக்கொள்ளட்டும். மூன்று: இறப்புச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் பெறும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் தடையில்லாக் கடிதம், பழைய லைசென்ஸ் புத்தகம் இவற்றோடு, மாவட்டமானால் ஆட்சியரிடம், சென்னையானால் காவல் ஆணையரிடம் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். 2016 ஆயுத விதிகளில் இதற்கு வழி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு. 'பழைய ஃபைல் காணவில்லை' என்று அலுவலகம் கைவிரித்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஒப்படைத்த துப்பாக்கியைக் கெடுவுக்குள் கோராவிட்டால் அரசு பறிமுதல் செய்யலாம் என்பதால் கெடு தேதியையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

'நூறு வருஷப் பொருள், லைசென்ஸ் வேண்டாம்' என்பது பாதி தெரிந்தவர் பேச்சு. 45-ஆவது பிரிவின் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். சுடக்கூடியது எத்தனை பழையதானாலும் துப்பாக்கியே. உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை. நூறு ஆண்டு கடந்ததை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பவும் முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

வாங்குபவர்களுக்கும் இதே சொல்தான். முத்திரைத்தாள் ஒப்பந்தம் துப்பாக்கியைக் கைமாற்றாது. பெட்டி அழகாக இருக்கிறது என்று முன்பணம் கொடுக்காதீர்கள். இரும்பில் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒத்துப்போகும்வரை துப்பாக்கியைத் தொடாதீர்கள், பணத்தையும் எடுக்காதீர்கள்.