விடுமுறையில் கடற்படைப் பயிற்சி



பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை, "விடுமுறையில் கடற்படைப் பயிற்சிக்குப் போகிறேன்" என்றால் நமக்குத் திகைப்பு. "படிப்பு என்னவாகும்? பட்டாளத்தில் பிடித்துக்கொள்வார்களோ?" என் பழைய மாணவர் ஒருவர், தாயார் அழுததால் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டார்.

உண்மை என்ன? நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'பாலாப்பெஸ்' என்னும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி உண்டு. சிலவற்றில் கடற்படைப் பிரிவும் இருக்கிறது. விரும்பியவர் சேரலாம். பயிற்சி மூன்றாண்டு, பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் நடக்கும். தேறியவர் சேமப்படை அதிகாரியாவார். பிறகு ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ வேலை பார்க்கலாம். முழுநேரப் படையில் சேர்ந்தே தீரவேண்டும் என்பதில்லை.

அணிநடை, நீச்சல், கயிற்று முடிச்சு, திசைகாட்டி, கடல்வரைபடம் எல்லாம் கற்பிப்பார்கள். கணக்கும் வேண்டும். ஒரு 'நாட்' என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகம். 10 நாட் வேகத்தில் 3 மணி நேரம் ஓடிய கப்பல் சுமார் 56 கிலோமீட்டர் கடந்திருக்கும். கரை தெரியாத இரவில், கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க இந்தப் பெருக்கலும் திசையும் உதவும்.

1967-இல் நம் கடற்படைக்கு முதல் மலேசியத் தளபதியானவர் தமிழர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31.

கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி ஏறினால் மலாக்கா நீரிணை தெரியும். பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நீச்சலும் பழக்குங்கள். விண்ணப்பம் வந்தால், மறுக்குமுன் முழுவதும் படித்துப் பாருங்கள்.