பணியிடத் தீங்கு நடத்தை

பணியிடத் தீங்கு நடத்தை என்பது ஒரு நிறுவனத்துக்கோ அதில் பணிபுரிவோருக்கோ கேடு தரும் வகையில் ஊழியர் வேண்டுமென்றே செய்யும் செயல்களைக் குறிக்கும். பிறரை இழிவுபடுத்துதல், வேலையை வேண்டுமென்றே மோசமாகச் செய்தல், பொருட்களைச் சேதப்படுத்துதல், திருட்டு, வேலையிலிருந்து ஒதுங்குதல் என இது ஐந்து வகைப்படும். கைதவறி நேரும் பிழை இதில் சேராது.

அழுத்தமும் மனநிலையும்

பால் ஸ்பெக்டர், சூசி ஃபாக்ஸ் ஆகியோரின் கோட்பாட்டின்படி, பணி அழுத்தத்துக்கும் தீங்கு நடத்தைக்கும் இடையே உணர்ச்சி நிற்கிறது. நிகழ்வை ஊழியர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே முக்கியம். எடுத்துக்காட்டாக, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு லேத் பட்டறையில், ஷிப்ட் முடியும் நேரத்தில் ஓவர்டைம் பார்க்கச் சொன்னால், ஒருவர் அதைக் கூடுதல் வருமானமாகக் கருதலாம். முன்கூட்டியே சொல்லவில்லையே என்று இன்னொருவர் சினமடையலாம். சினம் பெரும்பாலும் பிறரை இழிவுபடுத்துவதிலும் சேதப்படுத்துவதிலும் வெளிப்படுகிறது. சலிப்பும் மனவருத்தமும் தாமதமாக வருதல், அடிக்கடி விடுப்பு எடுத்தல் ஆகியவற்றில் வெளிப்படுகின்றன. தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லை என்ற எண்ணம் இவற்றைக் கூட்டுகிறது.

கிரீன்பர்க் ஆய்வு

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இரு ஆலைகளில் 10 வாரங்களுக்கு ஊதியம் 15 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தது. ஓர் ஆலையில் காரணம் விரிவாகவும் பரிவுடனும் விளக்கப்பட்டது. மற்றதில் போதிய விளக்கம் தரப்படவில்லை. விளக்கம் குறைந்த ஆலையில் திருட்டு மிக அதிகமாக இருந்தது. வெட்டு ஒன்றே, நடத்திய விதமே வேறு.

இரு நிகழ்வுகள்

2020 டிசம்பர் 12 அன்று கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலையைத் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினர். சிலருக்கு அக்டோபர், நவம்பர் மாத ஊதியம் தாமதமானதை ஆப்பிள் நிறுவனம் பின்னர் உறுதிசெய்தது. இது சேதப்படுத்துதல் என்ற வகையைச் சேர்ந்தது.

ஓராண்டு கழித்து, ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகேயுள்ள விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2021 டிசம்பர் 17 அன்று தொடங்கி, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என ஆப்பிள் தெரிவித்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

இரண்டிலும் சினம் இருந்தது. ஆனால் பின்னது கோரிக்கையை வெளிப்படையாக முன்வைத்த கூட்டுப் போராட்டம். அதைத் தீங்கு நடத்தை என வகைப்படுத்துவது பொருந்தாது. நிர்வாகத்துக்கு இழப்பு தரும் எல்லாமே தீங்கு நடத்தை ஆகிவிடாது.

தடுப்பு

கண்காணிப்புக் கேமராவும் தண்டனையும் செயலை மட்டுமே தடுக்கின்றன. மனக்குறை அப்படியே தங்கிவிடுகிறது. உரிய நாளில் ஊதியம், முடிவுகளுக்கு முன்கூட்டியே விளக்கம், மேற்பார்வையாளரின் மரியாதையான பேச்சு, அச்சமின்றிக் குறை சொல்ல ஓர் இடம் ஆகியவை சினம் மூளும் இடத்திலேயே அதைத் தணிக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் மிகுந்த ஆலைகளில் குறையை யாரிடம் சொல்வது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அங்கே கடைசி வழி முதலில் தேவைப்படுகிறது.