உப்பேறிய கிணற்றுக்குக் கரித்தொட்டி கைகொடுக்குமா?

கரியும் பாக்டீரியாவும் சேர்ந்த தொட்டியில் விட்டால் கழிவுநீர் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, எங்கள் கிணற்றுக்கும் வைக்கலாமா என்று நொய்யல் கரை விவசாயிகள் கேட்கிறார்கள். வீட்டுக் குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீருக்குத் தாராளமாக வைக்கலாம். சாயக்கழிவு இறங்கிய கிணற்றுக்கு வைத்தால், காசுதான் கரியாகும்.

காற்று அதிகம் புகாமல் சுட்ட கரியைத்தான் பயோசார் என்கிறோம். சீமைக்கருவேல விறகு, கொட்டாங்குச்சி எதிலும் செய்யலாம். அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். அழுக்கு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். வெறும் கரி என்றால் துளைகள் நிறைந்ததும் வேலை நின்றுவிடும். பாக்டீரியா கரிமேல் வழவழப்பாகப் படர்ந்து, ஒட்டிய அழுக்கைத் தின்பதால் கரி நீண்ட நாள் உழைக்கிறது.

200 லிட்டர் பீப்பாயின் அடியில் திறப்பு வைத்து, அரை அடி ஜல்லி, அதன்மேல் இரண்டு அடி கரி போடுங்கள். கரி நிலக்கடலைப் பருமன் இருக்கட்டும். சாம்பல் போகக் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்க முன்னால் தேங்காய் நார் வைத்த சிறு தொட்டி அவசியம். பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். குளத்துச் சேற்றைக் கரைத்து, வடிகட்டி ஊற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் படர்ந்துவிடும். தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றுங்கள். காற்றுப் படாமல் தேங்கினால் நாறும். பினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் உள்ளே போனால் பாக்டீரியா செத்துவிடும். வெளிவரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். கீரைக்கு வேண்டாம்.

இனி நொய்யலுக்கு வருவோம். சாயத்தின் நிறத்தைக் கரி ஓரளவு இழுக்கும். ஏமாற்றுவதே அந்தத் தெளிவுதான்! நூலில் சாயம் ஏறப் பட்டறைகளில் உப்பு நிறையச் சேர்க்கிறார்கள். கரைந்த உப்பைக் கரி பிடிக்காது, பாக்டீரியாவும் தின்னாது. ஒரத்துப்பாளையம் அணைப் பாசனத்தைக் கெடுத்ததும் அந்த உப்புதான். 2011-ல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், அதற்கு முன்பே நிலத்தடியில் இறங்கிய உப்பு உத்தரவு கேட்டு வெளியேறாது.

தொட்டி விற்க யாராவது வந்தால், உள்ளே விடும் தண்ணீரையும் வெளிவரும் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் ஈ.சி. பாருங்கள். 3 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான பயிர்கள் பாதிக்கும். இரண்டு பாட்டிலுக்கும் ஒரே அளவு வந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுத் தொட்டியில் ஓய்ந்த கரியை எருக்குழியில் சேர்க்கலாம். சாயநீர் வடித்த கரியை மட்டும் வயலில் போடாதீர்கள். சாயத்தோடு வரும் உலோகங்களைப் பாக்டீரியாவால் அழிக்க முடியாது. அவை கரியிலேயே தங்கியிருக்கும்.